வருமான வரித் துறை நாள் கடந்து போட்ட அப்பீல்: தீர்ப்பாயத்தில் எப்படி ஆட்சேபிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் மேல்முறையீட்டில் ஜெயித்து, உத்தரவும் கைக்கு வந்து, சரி ஒரு வழியாக முடிந்தது என்று இருக்கும்போது ஏழெட்டு மாதம் கழித்து வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. துறை அப்பீல் போட்டிருக்கிறது, கூடவே தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுவும் வைத்திருக்கிறது. "அரசாங்கம்தானே, எப்படியும் மன்னித்துவிடுவார்கள்" என்று பலர் அந்த மனுவைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. சிறு வியாபாரிகளுக்கும் சம்பளக்காரர்களுக்கும் சென்னை அமர்வுகளில் ஆஜராகிறவன் நான். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பிரிவு எண்களெல்லாம் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், அதன் கீழ் வரும் வழக்குகளில் எண்கள் மாறும். உங்கள் நோட்டீஸில் எந்தச் சட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துறைக்கு அப்பீல் போட எத்தனை நாள் அவகாசம்?

2024 செப்டம்பர் 30 வரை 60 நாள். அக்டோபர் 1 முதல் பிரிவு 253(3) மாறிவிட்டது. இப்போது, உத்தரவு தெரிவிக்கப்பட்ட மாதம் முடிந்ததிலிருந்து 2 மாதம். நவம்பர் 5-ஆம் தேதி தெரிவிக்கப்பட்டாலும் சரி, 28-ஆம் தேதி தெரிவிக்கப்பட்டாலும் சரி, கடைசி நாள் ஜனவரி 31.

இதில் கவனிக்க வேண்டியது, வரி செலுத்துபவருக்கும் துறைக்கும் ஒரே அவகாசம்தான். துறைக்குள் கோப்பு நாலு மேசை ஏறி இறங்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்துதான் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு வைத்தார்கள்.

நாள் கணக்கு எந்தத் தேதியிலிருந்து தொடங்கும்?

பெரும்பாலான சண்டை இங்கேதான். உங்களுக்கு உத்தரவு வந்த தேதி உங்கள் அப்பீலுக்குத்தான் பொருந்தும். துறையின் அப்பீலுக்கு, முதன்மை ஆணையருக்கோ ஆணையருக்கோ உத்தரவு தெரிவிக்கப்பட்ட தேதிதான் கணக்கு. உங்கள் வரியைக் கணக்கிட்ட மதிப்பீட்டு அதிகாரியின் மேசைக்குக் கோப்பு எப்போது வந்தது, அவர் எப்போது பிரித்துப் படித்தார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் மன்னிப்பு மனுக்களில் அந்தத் தேதியைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள்.

ஒரு உதாரணம். முதன்மை ஆணையருக்கு உத்தரவு 2024 ஜூன் 14 அன்று தெரிவிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். தெரிவிக்கப்பட்ட நாளைக் கழித்துவிட வேண்டும், பிரிவு 268 அப்படித்தான் சொல்கிறது. ஜூனில் 16 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 13, ஆக 60. கடைசி நாள் ஆகஸ்ட் 13. அப்பீல் பதிவானது டிசம்பர் 6 என்றால் தாமதம் 115 நாள். இதையே மதிப்பீட்டு அதிகாரி கோப்பைப் பார்த்த தேதியிலிருந்து எண்ணினால் 115 என்பது 40 என்றுகூடக் குறைந்துவிடலாம். அதனால் மனுவில் "40 நாள் தாமதம்" என்று போட்டிருந்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். காலண்டரை எடுத்து வைத்து நீங்களே விரல் விட்டு எண்ணுங்கள்.

முதல் மேல்முறையீடு இப்போது பெரும்பாலும் முகமற்ற முறையில், அதாவது நேரில் போகாமல் இணையத்தில், தேசிய மையத்தின் வழியாக நடக்கிறது. உத்தரவு துறையின் கணினி அமைப்பில் ஏறிய உடனே ஆணையர் அலுவலகத்தாலும் அதைப் பார்க்க முடியும். அப்படியிருக்க "நேரில் நகல் வந்தது மூன்று மாதம் கழித்துத்தான்" என்று சொன்னால், 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆவது பிரிவை எடுத்துக்காட்டலாம். பெறுபவர் இதற்கென்று குறிப்பிட்டு வைத்திருக்கும் கணினி அமைப்புக்குள் மின்னணு ஆவணம் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம் என்கிறது அந்தப் பிரிவு. இது வாதம்தான், எல்லா அமர்வும் அப்படியே ஏற்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் இதை எழுப்பிவிட்டால், தேதியை நிரூபிக்கும் பொறுப்பு துறையின் பக்கம் போய்விடும்.

முதன்மை ஆணையருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்று இடத்தில் பாருங்கள்.

அப்பீல் மனுவான படிவம் 36-இல், உத்தரவு தெரிவிக்கப்பட்ட தேதிக்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதில் போட்ட தேதியையும் மன்னிப்பு மனுவோடு வரும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத வழக்குகள் உண்டு.

இரண்டாவது இடத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. நீங்கள் முதல் மேல்முறையீட்டில் ஜெயித்ததும், அந்த உத்தரவை நடைமுறைப்படுத்தி மதிப்பீட்டு அதிகாரி ஒரு உத்தரவு போடுவார். அதற்கும் பிரிவு 153(5)-இல் காலவரம்பு இருக்கிறது: முதன்மை ஆணையருக்கு உத்தரவு கிடைத்த மாதம் முடிந்ததிலிருந்து 3 மாதம். ஆகவே துறையின் பதிவேட்டில் அந்தக் கிடைத்த தேதி எங்கோ இருந்தே ஆக வேண்டும். நடைமுறைப்படுத்தும் உத்தரவு ஆகஸ்டில் வந்துவிட்டது, ஆனால் மன்னிப்பு மனுவோ உத்தரவு செப்டம்பரில்தான் எங்களுக்குத் தெரியும் என்கிறது என்றால், அதற்கு மேல் நீங்கள் நிறையப் பேச வேண்டியதில்லை. இரண்டு தாளையும் அமர்வு முன்னால் வைத்தால் போதும்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் வழக்கின் கோப்பு எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது, அப்பீல் போட அனுமதி எந்தத் தேதியில் கையெழுத்தானது என்று தேதிகளை மட்டும் கேளுங்கள். கருத்துக் குறிப்புகளையும் சேர்த்துக் கேட்டால் மறுப்பதற்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

கொரோனா காலத்து அப்பீல் என்றால்?

2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தை உச்ச நீதிமன்றமே கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. அந்த இடைவெளியில் முடிந்த காலவரம்புகளுக்கு 2022 மார்ச் 1-இலிருந்து 90 நாள் கிடைத்தது. இந்தச் சலுகை உங்களுக்கும் உண்டு, துறைக்கும் உண்டு. அந்தக் காலத்தைக் காட்டி ஆட்சேபிப்பதில் பலன் இல்லை. அதற்குப் பிறகு ஆன தாமதத்தை மட்டும் பிடியுங்கள்.

காலவரம்பு முடிந்தால் அப்பீல் தானாகவே செல்லாமல் போகாதா?

போகாது. பிரிவு 253(5) தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது: உரிய காலத்தில் போடாததற்குப் போதிய காரணம் இருந்தது என்று திருப்தி ஏற்பட்டால் அப்பீலை ஏற்கலாம். இத்தனை நாளுக்கு மேல் மன்னிக்கக்கூடாது என்று மேல்வரம்பு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. "200 நாள் ஆகிவிட்டது, தள்ளுபடி செய்யுங்கள்" என்று நாளை மட்டும் காட்டி வாதாடினால் அது நிற்காது. 1998-இல் பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி என்ற தமிழ்நாட்டு வழக்கில் 883 நாள் தாமதத்தையே உச்ச நீதிமன்றம் மன்னித்தது. எத்தனை நாள் என்பதைவிட, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது. சில நேரம் 10 நாள் தாமதம்கூட மன்னிக்கப்படாமல் போகலாம், காரணம் சரியாக இருந்தால் பெரிய தாமதமும் மன்னிக்கப்படலாம்.

அதனால் உங்கள் ஆட்சேபனையின் உயிர், அவர்கள் சொல்லும் காரணத்தை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

அரசுக்கென்று தனிச் சலுகை உண்டா?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் உச்ச நீதிமன்றமே இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. துறைப் பிரதிநிதி ஒரு பக்கத்துத் தீர்ப்புகளை வாசிப்பார். மறுபக்கத்தை நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும்.

அவர் கையில் முதலில் இருப்பது 1987-ஆம் ஆண்டு காட்டிஜி வழக்கு. காஷ்மீர் அனந்தநாகின் நில எடுப்புக் கலெக்டர் போட்ட அப்பீல். ஒவ்வொரு நாள் தாமதத்தையும் விளக்கு என்றால் ஒவ்வொரு மணியையும் ஒவ்வொரு விநாடியையும் ஏன் கேட்கக்கூடாது, இதையெல்லாம் நடைமுறை அறிவோடு பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அரசையும் மற்ற வழக்காடிகளைப் போலத்தான் நடத்த வேண்டும், மாற்றாந்தாய் மனப்பான்மை கூடாது என்றும் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வழக்கில் தாமதம் எத்தனை நாள் தெரியுமா? நாலே நாலு. 400 நாள் தாமதத்துக்கு இதை வாசித்தால், அந்த நாலை அமர்வுக்கு மரியாதையாக நினைவூட்டுங்கள். அடுத்ததாக 1996-இன் சந்திரமணி வழக்கை எடுப்பார்கள். அரசு இயந்திரம் மெதுவாக நகரும், கொஞ்சம் தாராளம் காட்டலாம் என்று சொன்ன தீர்ப்பு அது.

உங்கள் பக்கத்துக்கு அடித்தளம் 2012-இன் தலைமை அஞ்சல் அதிகாரி எதிர் லிவிங் மீடியா தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி பி. சதாசிவம், பிறகு தலைமை நீதிபதியானவர். தாமதம் 427 நாள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2009 செப்டம்பர் 11-இல் வந்தது, சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்ததே 2010 ஜனவரி 8-இல். கோப்பு எங்கெங்கே எத்தனை நாள் கிடந்தது என்பதை நீதிமன்றம் தேதி வாரியாகப் பார்த்தது. காலவரம்புச் சட்டம் அரசு உட்பட எல்லோரையும் கட்டும், நவீனத் தொழில்நுட்பம் வந்துவிட்ட பிறகும் "பல கட்ட நடைமுறை" என்ற வழக்கமான விளக்கத்தை இனி ஏற்க முடியாது, அரசுத் துறைகளுக்குத் தங்கள் கடமையை விழிப்போடு செய்யும் தனிப் பொறுப்பு உண்டு என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. இந்தத் தீர்ப்பை முழுதாக ஒரு முறை உட்கார்ந்து படித்துவிடுங்கள், அந்தத் தேதி வரிசையைப் பார்த்தாலே உங்கள் மனுவை எப்படி எழுதுவது என்று பிடிபட்டுவிடும்.

அதற்குப் பின் வந்தவை இன்னும் கறாரானவை. 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு எதிர் பெருலால் வழக்கில் தாமதம் 663 நாள். உச்ச நீதிமன்றத்தில் தோற்றதற்கு ஒரு சான்றிதழ் வாங்கி, கோப்பை மூடி, தூங்கிய அதிகாரிகளைக் காப்பாற்றுவதற்காகவே இப்படி வழக்குகள் வருகின்றன என்று நீதிமன்றம் வெளிப்படையாகக் கண்டித்து, 25,000 ரூபாய் செலவுத் தொகை விதித்தது; அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. 2024-இல் ஜஹாங்கீர் ஜீஜீபாய் வழக்கில் மத்திய அரசின் 12 ஆண்டு 158 நாள் தாமதம் மன்னிக்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் சிவம்மா எதிர் கர்நாடக வீட்டுவசதி வாரியம் வழக்கில், 3,966 நாளை மன்னித்த உயர் நீதிமன்ற உத்தரவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நான் புரிந்துகொள்வது இதுதான்: அரசு என்பதற்காகக் கொஞ்சம் பொறுமை காட்டலாம், ஆனால் காரணமே இல்லாத இடத்தில் அரசு என்பதே காரணமாகிவிடாது.

துறை வழக்கமாக என்ன காரணம் சொல்லும், நான் என்ன பதில் சொல்வது?

அதிகம் வருவது "நிர்வாகக் காரணங்களால்" என்ற ஒற்றைச் சொற்றொடர். இதற்குப் பதில் ஒரே கேள்விதான்: எந்த நிர்வாகக் காரணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? துறையில் அப்பீலுக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. மதிப்பீட்டு அதிகாரி பரிசீலனை அறிக்கை எழுதுவார், அது கூடுதல் ஆணையர் வழியாக முதன்மை ஆணையருக்குப் போகும், அவர் பிரிவு 253(2)-இன் கீழ் அப்பீல் போட உத்தரவிடுவார். மொத்தமே மூன்று மேசை. ஒவ்வொரு மேசையிலும் வந்த தேதி, போன தேதி இரண்டையும் அவர்கள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்பதை உங்கள் பதிலில் பதிவு செய்யுங்கள்.

"அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், பொறுப்பில் வேறொருவர் இருந்தார்" என்பது அடுத்தது. மாற்றல் நடந்த தேதியைக் கேளுங்கள். காலவரம்பு முடிந்த பிறகு நடந்த மாற்றல், காலவரம்புக்குள் போடாததற்குக் காரணமாக இருக்கவே முடியாது. அதோடு, பொறுப்பு அதிகாரிக்கும் கையெழுத்துப் போடும் அதிகாரம் உண்டு.

"டிசம்பர், மார்ச் மாதங்களில் காலக்கெடு முடியும் மதிப்பீடுகளில் மூழ்கியிருந்தோம்" என்பார்கள். அந்த வேலை நெருக்கடி உண்மைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில் வருவது, எதிர்பாராமல் வந்த இடையூறு இல்லை. உங்கள் வழக்கின் கடைசி நாள் ஆகஸ்டில் முடிந்திருந்தால் டிசம்பர் நெருக்கடி எப்படிக் குறுக்கே வந்தது என்று கேட்கலாம்.

கணினிக் கோளாறு, அதிகார எல்லை மாற்றத்தால் கோப்பு வேறு வட்டத்துக்குப் போனது, கோப்பு காணாமல் போனது என்றெல்லாம் வந்தால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இவற்றில் சில நியாயமாகவே இருக்கும். கோளாறைப் பற்றி எழுதிய கடிதம், எல்லை மாற்ற அறிவிப்பு என்று ஆவணம் இருந்தால் தீர்ப்பாயம் பெரும்பாலும் ஏற்கும், ஏற்பதில் தவறும் இல்லை. ஆவணமே இல்லாமல் வெறும் வாக்கியமாக இருந்தால் அதைச் சுட்டுங்கள்.

பிரமாணப் பத்திரம் யார் கொடுத்தது என்பதையும் பாருங்கள். தாமதம் நடந்தபோது அந்தப் பதவியிலேயே இல்லாத அதிகாரி, எந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்று குறிப்பிடாமல் "எனக்குத் தெரிந்தவரை உண்மை" என்று கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பத்திரத்தின் எடை குறைவு.

ஆட்சேபனையை எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும்?

முதல் வாய்தாவுக்கு முன்பே, எழுத்தில். இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வழக்கில் தாமதத்தைப் பற்றி வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். வழக்கு அழைக்கப்பட்டதும் துறை தரப்பு மனுவைக் குறிப்பிட்டது, நான் எழுந்து பேசத் தொடங்குவதற்குள் "எதிர்ப்பு எதுவும் பதிவில் இல்லை" என்று தாமதம் மன்னிக்கப்பட்டு வழக்கு நேராகத் தகுதிக்குள், அதாவது வரிச் சர்ச்சைக்குள்ளேயே, போய்விட்டது. எழுத்தில் இருந்திருந்தால் உத்தரவில் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று பக்கம் போதும். முதலில் உங்கள் நாள் கணக்கு. அடுத்து, துறை சொன்ன காரணங்களையும் தேதிகளையும் அவர்கள் வார்த்தையிலேயே எடுத்துப் போட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விளக்கமே இல்லை என்று காட்டுங்கள். பிறகு தீர்ப்புகள், இரண்டு அல்லது மூன்று, அதற்கு மேல் வேண்டாம். கடைசியில் ஒரு மாற்றுக் கோரிக்கை: ஒருவேளை மன்னிப்பதாக இருந்தால் செலவுத் தொகை விதியுங்கள் என்று. பிரிவு 254(2பி)-இன்படி செலவுத் தொகை தீர்ப்பாயத்தின் விருப்பதிகாரத்தில் இருக்கிறது. கேட்காதவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மனுவோடு பிரமாணப் பத்திரத்தின் நகல் உங்களுக்கு வரவில்லை என்றால், அது வந்த பிறகுதான் பதில் தர முடியும் என்று கேட்டு வாங்குங்கள். மன்னிப்பு மனுவே இல்லாமல் அப்பீல் வந்திருந்தால், பதிவகம் குறைபாடு என்று குறித்திருக்கும். அதையும் பதிவில் கேளுங்கள்.

தாமதத்துக்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம். முதலில் வரித் தொகையைப் பாருங்கள். நேரடி வரிகள் வாரியத்தின் 2024 செப்டம்பர் 17 தேதியிட்ட 9/2024 சுற்றறிக்கைப்படி, சர்ச்சையில் உள்ள வரி 60 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் துறை தீர்ப்பாயத்துக்கு வரக்கூடாது. உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி. நிலுவையில் உள்ள அப்பீல்களுக்கும் இது பொருந்தும். சர்சார்ஜும் செஸ்ஸும் அந்தத் தொகையில் சேரும்; வட்டியே சர்ச்சையாக இருந்தாலொழிய வட்டி சேராது. ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். 5/2024 சுற்றறிக்கையில் விதிவிலக்குகள் இருக்கின்றன, வேறு புலனாய்வு அமைப்புகளிடமிருந்து வந்த தகவலின் பேரில் சேர்த்த தொகை போன்றவை. உங்கள் வழக்கு அதில் வருகிறதா என்று பாருங்கள். வராது, தொகையும் குறைவு என்றால் தாமதத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் அப்பீல் போய்விடும்.

அப்புறம் முதன்மை ஆணையரின் அனுமதி. அது இருக்கிறதா, என்ன தேதி என்று பாருங்கள். கையெழுத்து, படிவம் போன்ற சின்னக் குறைகளைத் திருத்த வாய்ப்புக் கொடுத்துவிடுவார்கள், அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எதிர் ஆட்சேபனை என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெயர்தான் குழப்புகிறது. நீங்கள் தாமதத்தை எதிர்ப்பது முதனிலை ஆட்சேபனை. கிராஸ் அப்ஜெக்‌ஷன் என்று ஆடிட்டர்கள் சொல்வது பிரிவு 253(4)-இன் கீழ் வருவது. முதல் மேல்முறையீட்டில் உங்களுக்கு எதிராகப் போன பகுதியை நீங்கள் எதிர்ப்பது. துறை அப்பீலின் நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் படிவம் 36ஏ-வில் போட வேண்டும், கட்டணம் கிடையாது. துறையின் தாமதத்தை எதிர்த்துக்கொண்டே இந்த 30 நாளை நீங்கள் தவறவிட்டுவிடாதீர்கள், அப்படித் தவறவிட்டுத் தாங்களும் ஒரு மன்னிப்பு மனுவோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலத்துக்குள் போட்ட அப்பீலைப் போலவே அதையும் தீர்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்வதால், துறையின் அப்பீல் தாமதத்தில் தள்ளுபடியானாலும் உங்கள் எதிர் ஆட்சேபனையைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று வாதிடலாம். 30 நாள் போய்விட்டது என்றால் 1963-ஆம் ஆண்டுத் தீர்ப்பாய விதிகளில் 27-ஆவது விதி இருக்கிறது. அப்பீல் போடாத எதிர்தரப்பும், தனக்கு எதிராக முடிவான காரணத்தை எடுத்துக்கொண்டு கீழ் உத்தரவைத் தாங்கிப் பேசலாம்.

தாமதத்தை மட்டும் நம்பிப் போகலாமா?

வேண்டாம். தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் தகுதியில் கேட்கவே விரும்பும், மிதமான தாமதங்கள் நிறையவே மன்னிக்கப்படுகின்றன. தாமதம் மன்னிக்கப்பட்டால் அன்றே தகுதியில் வாதாடச் சொல்லலாம். ஆவணத் தொகுப்பு கையில் இல்லாமல் "தாமதத்துக்கு மட்டும்தான் தயாராக வந்தேன்" என்று நின்றால் பாதிப்பு உங்களுக்கு.

வராமலே இருந்துவிடுவது இன்னும் மோசம். எதிர்தரப்பு இல்லாமலே அதே தீர்ப்பாய விதிகளின் 25-ஆவது விதியின் கீழ் வழக்கை முடித்துவிடலாம். வராததற்குப் போதிய காரணம் காட்டினால் அந்த உத்தரவை ரத்து செய்யவும் அதே விதி இடம் தருகிறது, ஆனால் அது இன்னொரு அலைச்சல்.

நான் எழுத்தில் கொடுத்த ஆட்சேபனையைப் பற்றி உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. என்ன செய்வது?

பிரிவு 254(2)-இன் கீழ் திருத்த மனு போடலாம், உத்தரவு பிறப்பிக்கப்பட்ட மாதம் முடிந்ததிலிருந்து 6 மாதத்துக்குள். பதிவிலேயே தெரியும் தவறு என்று காட்ட வேண்டும். ஆட்சேபனை தாக்கலான ஒப்புகை உங்களிடம் இருந்தால் அது சுலபம். முடிவே தவறு என்று நினைத்தால் உயர் நீதிமன்றம், பிரிவு 260ஏ, 120 நாள். அங்கே சட்டப் பிரச்சினை ஒன்று எழ வேண்டும்.

தள்ளுபடியானால் துறையும் இதே வழியில் உயர் நீதிமன்றம் போகலாம். அதனால் ஜெயித்த அன்றே கோப்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

துறை அப்பீல் போட்டிருப்பதால் ரீஃபண்ட் தரமாட்டேன் என்கிறார்கள். சரியா?

அப்பீல் போட்டதாலேயே கீழ் உத்தரவுக்குத் தடை வந்துவிடாது. தடை உத்தரவு வேண்டுமென்றால் துறை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நடைமுறைப்படுத்தும் உத்தரவையும் ரீஃபண்டையும் எழுத்தில் கேளுங்கள், ரீஃபண்டுக்குப் பிரிவு 244ஏ தரும் வட்டியையும் சேர்த்து.

என் அப்பீலே ஒரு முறை தாமதமாகிப் போனது. இப்போது நான் ஆட்சேபித்தால் எனக்கே திரும்பி வராதா?

இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பது தாமதமான எதையும் ஏற்கக்கூடாது என்று இல்லை, உங்களிடம் கேட்ட அதே விளக்கத்தை அவர்களிடமும் கேளுங்கள் என்பதுதானே. உங்கள் தாமதத்தின்போது மருத்துவச் சான்றும் தேதி வாரியான பிரமாணப் பத்திரமும் கேட்டிருப்பார்கள். அந்த உத்தரவின் நகலைக்கூட உங்கள் பதிலோடு இணைக்கலாம்.

கலால், சுங்கம், ஜிஎஸ்டி வழக்குகளிலும் இதே கதைதானா?

அடிப்படை ஒன்று, எண்கள் வேறு. கலால் சட்டத்தில் ஆணையரின் உத்தரவை மூத்த அதிகாரிகளின் குழு 3 மாதத்துக்குள் மறுபரிசீலித்து அப்பீலுக்கு உத்தரவிட வேண்டும், பிறகு 1 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்று பிரிவு 35ஈ இரண்டு கட்டமாக வைத்திருக்கிறது. இங்கே இரண்டு கட்டத்தையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். மெட்ராஸ் கலால் கலெக்டர் எதிர் எம்.எம். ரப்பர் என்ற 1991 தீர்ப்பை இதில் கவனமாகப் படியுங்கள், அது அந்தப் பிரிவின் பழைய வாசகத்துக்கு வந்தது; பிறகு திருத்தப்பட்ட வாசகத்தில் அந்த 3 மாதம் உத்தரவு தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து ஓடும். பழைய வாசகப்படி மறுபரிசீலனைக்கான காலவரம்பு, அதிகாரி உத்தரவில் கையெழுத்திட்ட தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும், எதிர்தரப்புக்கு அனுப்பிய தேதியிலிருந்து இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஜிஎஸ்டி தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில்தான் தொடங்கியது. பிரிவு 112-இல் வரி செலுத்துபவருக்கு 3 மாதம், துறைக்கு 6 மாதம். தாமதத்தை மன்னிக்கவும் 3 மாதம் என்று மேல்வரம்பு இருக்கிறது, அதனால் வருமான வரி வழக்குகளைப் போல 400 நாளை மன்னிக்கச் சொல்லி அங்கே வர முடியாது. பழைய உத்தரவுகளுக்கு மட்டும் அப்பீல் போடத் தனிக் கெடு கொடுத்திருக்கிறார்கள், அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாள் எண்ணுங்கள்.

வக்கீலோ ஆடிட்டரோ இல்லாமல் நானே ஆஜராகலாமா?

ஆகலாம். சென்னை அமர்வுகள் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இருக்கின்றன. தமிழில் யோசித்து எழுதி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நாலு வரி படித்தாலும் உறுப்பினர்கள் பொறுமையாகக் கேட்பார்கள், நான் பார்த்தவரை அப்படித்தான். போகும்போது படிவம் 36, பிரமாணப் பத்திரம், நடைமுறைப்படுத்திய உத்தரவு, நீங்கள் எண்ணிய நாள் கணக்கு ஒரு தாளில், இவற்றை மூன்று செட் எடுத்துப் போங்கள். அமர்வில் நீதித்துறை உறுப்பினர் ஒருவர், கணக்கியல் உறுப்பினர் ஒருவர் என்று இரண்டு பேர் இருப்பார்கள், மூன்றாவது செட் துறைப் பிரதிநிதிக்கு. உங்களுக்கு வேண்டியதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.